பெரியப்பா கேட்ட கேள்வி

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டு, திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)



என்னைக் கூப்பிட்டபோது, "உங்க பிஎச்டி ஆராய்ச்சியைப் பத்திப் பேசுங்க, ஆனா கேக்கறவங்களுக்குத் தூக்கம் வரக்கூடாது" என்று சொன்னார்கள். இரண்டாவதுக்கு நான் உத்தரவாதம் தரமுடியாது. முதலாவதை முயற்சி செய்கிறேன்.

என் துறை சைபர் பாதுகாப்பு. அதற்குள்ளே அப்ளைடு கிரிப்டோகிராஃபி, அதாவது குறியாக்கவியலை நடைமுறையில் பயன்படுத்துவது. பேர்தான் பெரிசு. வேலை என்னவென்றால், காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தால் உடைக்கவே முடியாத ஒரு பூட்டு, மனுஷங்க கைக்கு வந்ததும் ஏன் திறந்துகொள்கிறது என்று பார்ப்பது. அவ்வளவுதான்.

ஊர் ஸ்ரீரங்கம். உத்திர வீதியில் வீடு. தை மாசத் தேர் எங்க வாசல் வழியாகத்தான் போகும். இன்னைக்கு நான் சொல்லப்போற விஷயம் அந்த வீட்டுக் கூடத்தில்தான் ஆரம்பிக்கிறது. அதனால் கணிதத்துக்கு முன்னாடி பெரியப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பதினோரு மணிக்கு வந்த போன்

பெரியப்பா திருவெறும்பூர் பெல் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தர ஆய்வுப் பிரிவு. பாய்லர் குழாய்களின் வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, சரி, சரியில்லை என்று முத்திரை வைக்கிற வேலை. கண்ணுக்குத் தெரியாத விரிசலைத் தேடியே வாழ்நாளைக் கழித்தவர். காய்கறிக் கடையில் பில்லைக் கூட்டிப் பார்க்காமல் பணம் தரமாட்டார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஏமாந்தவர்களைப் பற்றிப் பேசும்போது நாம் மனதில் ஒரு அப்பாவியை வரைந்துகொள்வோம். பெரியப்பா அப்பாவி இல்லை.

ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு ஒரு போன். நல்ல தமிழ், நல்ல மரியாதை. "சார், வங்கியிலிருந்து பேசறோம். உங்க பென்ஷன் கணக்கோட கேஒய்சி இன்னையோட முடியுது. புதுப்பிக்கலைன்னா அடுத்த மாசம் பென்ஷன் நின்னுடும்." பேரைச் சரியாகச் சொன்னான். பிறந்த தேதியைச் சொன்னான். எந்தக் கிளை என்று சொன்னான். கார்டின் கடைசி நான்கு எண்களையும் சொன்னான். "மீதியை நீங்களே வாசிங்க சார், சரிபார்த்துக்கறேன்" என்றான். பெரியப்பா கார்டைப் பார்த்து வாசித்தார், முன்பக்கமும் பின்பக்கமும். பிறகு போனில் ஒரு ஆறு இலக்க எண் வந்தது. அதையும் வாசித்தார். இன்னொன்று வந்தது. அதையும்.

1,84,000 ரூபாய்.

இதில் எனக்கு இன்னைக்கும் வலிக்கிற இடம் அந்தத் தொகை இல்லை. பெரியப்பா ஒன்பது நாள் யாரிடமும் சொல்லவில்லை. பெரியம்மா மருந்து வாங்க ஏடிஎம்முக்குப் போய், "கணக்குல பணமே இல்லைன்னு வருதே" என்று வந்து நின்றபோதுதான் வெளியே வந்தது. அதற்குள் அந்தப் பணம் எத்தனை கணக்கு கைமாறியிருக்குமோ. புகார் கொடுத்தோம். ஒரு ரூபாய் திரும்ப வரவில்லை.

வீட்டில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "அந்த நம்பரை ஏன் சொன்னீங்க?" நானும் கேட்டேன். சைபர் பாதுகாப்பு படிக்கிறவள் என்பதால் மற்றவர்களைவிடச் சத்தமாகவே கேட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிட்டு முடித்த பிறகு, தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்:

"பாப்பா, அவன் என்னைப் பத்தி எல்லாம் கரெக்டா சொன்னான். அதனால பேங்க்னு நம்பினேன். சரி, நம்பியிருக்கக் கூடாது. அப்ப, அவன் பேங்க்தானான்னு தெரிஞ்சுக்க நான் அவன்கிட்ட என்ன கேட்டிருக்கணும்? அதை மட்டும் சொல்லு."

நான் யோசித்தேன். ஊழியர் எண்ணைக் கேட்கலாமா? ஏதோ ஒரு எண்ணைச் சொல்லுவான். கிளை மேலாளர் பேரைக் கேட்கலாமா? கூகுளில் தேடினால் கிடைக்கும். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கலாமா? நிஜ வங்கியே அதைப் போனில் சொல்லத் தயங்கும். வந்த எண்ணைப் பார்க்கலாமா? எண்ணைப் போலியாகக் காட்ட முடியும்.

நிஜ வங்கியால் பதில் சொல்ல முடிந்து, திருடனால் முடியாத ஒரு கேள்விகூட எனக்குத் தோன்றவில்லை. அந்தப் போன் உரையாடலுக்குள் அப்படி ஒரு கேள்வி இல்லை. பெரியப்பா தவறாக விடை எழுதவில்லை. விடையே இல்லாத கேள்வித்தாளைக் கையில் கொடுத்திருந்தார்கள்.

அப்போது நான் செய்துகொண்டிருந்தது வேறு ஆராய்ச்சி. குவாண்டம் கணினி வந்தாலும் உடையாத குறியாக்கத்தை ஒரு சின்னச் சிப்பில் வேகமாக ஓட்டுவது. முக்கியமான வேலைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் அதற்கான முதல் மூன்று தரநிலைகளை வெளியிட்டது. ஆனால் அந்த ராத்திரிக்குப் பிறகு எனக்கு ஒன்று உறுத்தியது. இருபது வருஷம் கழித்து வரப்போகிற கணினியிடமிருந்து பெரியப்பாவின் பணத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். ஆறு எண்ணைக் கேட்டு வாங்குகிற ஒருத்தனிடமிருந்து காப்பாற்ற என்னிடம் ஒன்றும் இல்லை. வழிகாட்டியிடம் பேசி ஆய்வுத் தலைப்பை மாற்றிக்கொண்டேன்.

மறைப்பது ஒன்று, நிரூபிப்பது ஒன்று

கிரிப்டோகிராஃபி என்றால் மறைப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ரகசியச் செய்தி, சங்கேத மொழி, போர்க்காலம். அது பாதிதான். மறுபாதி, நிரூபிப்பது. "இது நான்தான்", "இதை எழுதியது நான்தான்" என்று நிரூபிப்பது. பெரியப்பா விஷயத்தில் யாரும் ஒட்டுக் கேட்கவில்லை, எந்த ரகசியச் செய்தியையும் உடைக்கவில்லை. தோற்றது இந்த இரண்டாவது பாதி.

இதை விளக்க எங்க ஊரிலேயே ஒரு கதை இருக்கிறது. ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

1323-ல் டில்லிப் படை ஸ்ரீரங்கத்தின் மேல் வந்தபோது, உற்சவ மூர்த்தியைப் பிள்ளை லோகாசாரியரும் அவருடன் இருந்தவர்களும் எடுத்துக்கொண்டு தெற்கே போனார்கள். பல ஊர் சுற்றி, பல கை மாறி, 1371-ல்தான் பெருமாள் திரும்பி வந்தார். இடையில் கிட்டத்தட்ட 48 வருஷம். அதற்குள் கோயிலில் வேறொரு உற்சவ மூர்த்தியை வைத்துப் பூஜை நடந்துகொண்டிருந்தது. இப்போது இரண்டு மூர்த்திகள். எது பழையது? பார்த்தவர்களில் பெரும்பாலானோர் உயிரோடு இல்லை.

கோயிலொழுகு சொல்கிறபடி, ஒரு முதியவரைத் தேடிப் பிடித்தார்கள். பெருமாளின் ஆடைகளைத் துவைத்துக்கொடுத்த ஈரங்கொல்லி. கண்பார்வை போய்விட்டது. ஆனால் பெருமாளின் ஈர ஆடையைப் பிழிந்த தீர்த்தத்தை அந்தக் காலத்தில் அருந்திப் பழகியவர். இரண்டு மூர்த்திகளுக்கும் திருமஞ்சனம் செய்து, இரண்டு ஈர ஆடைகளின் தீர்த்தத்தையும் அவருக்குக் கொடுத்தார்கள். ஒன்றை அருந்தியதும், இவர்தான் நம் பெருமாள் என்றார். நம்பெருமாள் என்ற பெயரே அப்படி வந்தது என்பார்கள். இடைக்காலத்தில் இருந்த மூர்த்தி திருவரங்க மாளிகையார் என்ற பேரோடு இன்றும் கோயிலில் இருக்கிறார்.

ஐதிகம் எவ்வளவு, வரலாறு எவ்வளவு என்பதற்குள் நான் போகவில்லை. எங்க ஆய்வகத்தில் இருக்கிறவர்கள் இதை எப்படிப் பார்ப்பார்கள் என்று மட்டும் சொல்கிறேன். மூன்று விஷயம்.

ஒன்று, பார்த்து முடிவு செய்யவில்லை. உருவத்தை நகல் எடுக்கலாம். நகல் எடுக்க முடியாத ஒன்றைச் சோதித்தார்கள்.

இரண்டு, சோதனை அந்த நேரத்தில், எல்லார் முன்னாலும் புதிதாக நடந்தது. முன்பே பிழிந்து பாத்திரத்தில் வைத்திருந்த தீர்த்தத்தை யாராவது கொண்டுவந்து கொடுத்திருந்தால் அது செல்லாது. எங்க பாஷையில் இதைச் சேலஞ்ச்–ரெஸ்பான்ஸ் என்போம். ஒவ்வொரு முறையும் புதுக் கேள்வி, அதற்கு அப்போதே புதுப் பதில்.

மூன்றாவது, இந்த முறையின் பலவீனம். சரிபார்க்க முடிந்தவர் ஒரே ஒருவர். அவர் ஒரு வருஷம் முன்னால் இறந்திருந்தால் கதை என்ன ஆகியிருக்கும்? அந்த ருசி அவர் நினைவில் மட்டும்தான் இருந்தது. அதை வேறு யாருக்கும் எடுத்துக் கொடுக்கவும் முடியாது.

1970-கள் வரை உலகத்தின் கிரிப்டோகிராஃபி முழுக்க இந்த மூன்றாவது சிக்கலில்தான் மாட்டியிருந்தது. ரகசியம் இரண்டு பேருக்குப் பொதுவாக இருக்கும். நீங்கள் நிரூபிக்க வேண்டுமென்றால் எதிரில் இருப்பவருக்கும் அதே ரகசியம் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவர் நினைத்தால் உங்களைப் போலவே நடிக்கவும் முடியும்.

1976-ல் விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் இரண்டு பேரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். சாவியை இரண்டாகப் பிரிக்கலாம் என்றார்கள். ஒன்று தனிச் சாவி, உங்களிடம் மட்டும் இருக்கும். இன்னொன்று பொதுச் சாவி, ஊருக்கே கொடுத்துவிடலாம். தனிச் சாவியால் போட்ட கையெழுத்தைப் பொதுச் சாவி வைத்திருக்கிற யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். ஆனால் யாராலும் அந்தக் கையெழுத்தைப் போட முடியாது. அடுத்த வருஷமே ரிவெஸ்ட், ஷமீர், அடல்மன் மூன்று பேரும் அதைச் செய்து காட்டினார்கள். அதுதான் ஆர்எஸ்ஏ. ஈரங்கொல்லி ஒருவருக்கு மட்டும் தெரிந்த ருசியை, ரகசியம் கெடாமல், ஊரில் எல்லாருக்கும் கொடுத்த மாதிரி.

1985-ல் ஷாஃபி கோல்ட்வாசர், சில்வியோ மிக்காலி, சார்லஸ் ராக்காஃப் ஒரு படி மேலே போனார்கள். ரகசியத்தில் ஒரு துளிகூட வெளியே விடாமல், "எனக்கு அது தெரியும்" என்பதை மட்டும் நிரூபிக்கலாம் என்று காட்டினார்கள். கோல்ட்வாசருக்கும் மிக்காலிக்கும் 2012-ன் டியூரிங் விருது கிடைத்தது.

ஆக, ரகசியத்தைச் சொல்லாமலே நிரூபிப்பது எப்படி என்று உலகத்துக்குத் தெரிந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. பெரியப்பாவிடம் நாம் கொடுத்தது என்ன? ஒரு ஆறு இலக்க எண்.

ஓடிபி என்கிற வாய்ச்சொல்

ஓடிபியைத் திட்டுவது சுலபம். முதலில் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் கார்டு பயன்படுத்த இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டு முதல் கொண்டுவந்தது. பல நாடுகளில் கார்டு எண்ணும் பின்பக்க மூன்று எண்ணும் இருந்தாலே பணம் போய்விடும் என்றிருந்த காலம் அது. கார்டு எண்ணை மட்டும் திருடியவனை ஓடிபி நிறுத்தியது. நல்ல காரியம்.

ஆனால் ஓடிபியின் இயல்பைப் பாருங்க. அது ஒரு மனுஷன் வாசித்து, நினைவில் வைத்து, இன்னொரு இடத்தில் சொல்லக்கூடிய ரகசியம். சொல்வதற்காகவே செய்யப்பட்டது. கூடவே, "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று ஒரு வரியும் வரும். வங்கியின் பக்கத்தில் டைப் செய்தால் சரி, வங்கி என்று சொல்கிறவனிடம் சொன்னால் தப்பு. இரண்டுக்கும் வித்தியாசத்தை யார் கண்டுபிடிக்க வேண்டும்? 72 வயசுக்காரர், போனைக் காதில் வைத்துக்கொண்டு, பென்ஷன் நின்றுவிடுமோ என்ற பயத்தில்.

இன்னொன்று. இந்த ஏற்பாடு முழுக்க ஒரே திசையில் போகிறது. வங்கிக்கு நீங்கள் நிரூபிக்கிறீர்கள். கார்டு, பின், ஓடிபி, கைரேகை, செல்ஃபி. வங்கி உங்களுக்கு எதை நிரூபிக்கிறது? போனில் கூப்பிடும்போது, ஒன்றும் இல்லை. அந்தக் காலியிடத்தில்தான் திருடன் வந்து உட்காருகிறான். டிஜிட்டல் கைது என்று சொல்லி மிரட்டுகிறார்களே, அதுவும் இதேதான். வீடியோ அழைப்பில் ஒரு காக்கிச் சட்டை, பின்னால் ஒரு கொடி. அவர் போலீஸ்தானா என்று நீங்கள் கேட்க வழி இல்லை. சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையவே கிடையாது என்பதை 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் சொல்ல வேண்டி வந்தது. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் சைபர் மோசடிகளில் இந்தியர்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது.

பெயரும் சாவியும்

என் தலைப்பை மாற்றிய பிறகு முதலில் ஊன்றிப் படித்த கட்டுரைகளில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ரேணுகா குமார் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, குழுவாகச் சேர்ந்து யுபிஐயைப் பிரித்துப் பார்த்த கட்டுரை. 2020-ல் யூசெனிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் வந்தது. பீம் உள்பட ஏழு பிரபலமான செயலிகளை எடுத்து, அவை வங்கியோடு எப்படிப் பேசுகின்றன என்பதைச் செயலிகளைப் பிரித்தே கண்டுபிடித்தார்கள்.

யுபிஐயில் உங்கள் அடையாளம் எங்கே தொடங்குகிறது? போன் எண்ணில். செயலியைப் போட்டதும் உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் தானாகப் போகும். அதை வைத்து, இந்த போனும் இந்த எண்ணும் ஒன்றுதான் என்று முடிச்சுப் போடுகிறார்கள். நல்ல யோசனை. ஆனால் அந்த எஸ்எம்எஸ் போகவில்லை என்றால் எண்ணைக் கையால் அடித்து ஓடிபி போடலாம் என்று அப்போது ஒரு மாற்று வழியும் வைத்திருந்தார்கள். உங்கள் போனில் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி வாங்கிய ஒரு கெட்ட செயலி இருந்தால், அந்த மாற்று வழியாக வேறொருவன் தன் போனில் உங்கள் எண்ணை முடிச்சுப் போட்டுவிடலாம் என்று அவர்கள் காட்டினார்கள். அடுத்து புது யுபிஐ பின் வைக்கக் கேட்டது என்ன? கார்டின் கடைசி ஆறு எண், முடியும் தேதி. இரண்டுமே கார்டின் மேலேயே அச்சடித்திருக்கிறது. கண்டுபிடித்ததை அவர்கள் முறைப்படி முதலில் உரியவர்களிடம் தெரிவித்தார்கள். பிந்தைய பதிப்பில் சில வழிகள் அடைக்கப்பட்டன.

இதைப் படித்தபோது எனக்குப் பெரியப்பா சொன்னது புதிதாகப் புரிந்தது. "என்னைப் பத்தி எல்லாம் கரெக்டா சொன்னான்." பிறந்த தேதி, போன் எண், கார்டின் கடைசி நான்கு எண், இதெல்லாம் சாவி இல்லை. பெயர். உத்திர வீதியில் யாரைக் கேட்டாலும் பெரியப்பா பேரைச் சொல்வார்கள். அதனால் அவர்கள் எல்லாரும் அவர் வீட்டுப் பெட்டியைத் திறக்கலாமா? 1883-லேயே ஆகுஸ்ட் கெர்க்காஃப்ஸ் எழுதிவைத்தார்: பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பது எதிரிக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை என்கிற மாதிரி பூட்டைச் செய், சாவி மட்டும்தான் ரகசியம். நாம் பெயரைச் சாவி மாதிரி நடத்துகிறோம். நடத்த நடத்த, பெயரைச் சொல்கிறவனை நம்புவதற்கு மக்களைப் பழக்கியும் விட்டோம்.

அப்புறம், நஷ்டம் யாருடையது? ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வாடிக்கையாளர் மேலும் வங்கி மேலும் தவறில்லாமல் வேறெங்கோ ஓட்டை விழுந்து பணம் போனால், மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு பூஜ்யம். நல்ல விதி. வாடிக்கையாளர் மேல்தான் பொறுப்பு என்பதை நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான் என்கிறது. ஆனால் ரகசிய விவரத்தை வாடிக்கையாளரே பகிர்ந்திருந்தால் அது அவருடைய அலட்சியம். புகார் செய்கிற நேரம் வரைக்கும் போன பணம் முழுக்க அவர் தலையில். வீட்டில் நாங்கள் கேட்ட "ஏன் சொன்னீங்க" என்பதுதான் சட்டத்திலும் எழுதியிருக்கிறது. பெரியப்பாவுக்கு இது தெரியாது. ஆனால் அந்த ஒன்பது நாள் மௌனம் இந்தக் கேள்விக்குப் பயந்துதான். பணம் திரும்ப வரக்கூடிய நேரமும் அந்த மௌனத்தில்தான் போனது.

திண்ணையில் ஒரு பரிசோதனை

என் ஆராய்ச்சிக்கு வருகிறேன். கேள்வி எளிமையானது: கூப்பிடுகிற வங்கி, எடுக்கிற பெரியவருக்குத் தன்னை எப்படி நிரூபிக்கலாம்?

முதல் முயற்சி எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. வங்கி கூப்பிடும்போது உங்கள் போனில் வங்கிச் செயலி இரண்டு தமிழ் வார்த்தைகளைக் காட்டும். "மாதுளை, படகு" என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் புது ஜோடி, பின்னால் டிஜிட்டல் கையெழுத்து. கூப்பிட்டவரிடம், "வார்த்தையைச் சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். மாதுளை, படகு என்று சொன்னால் வங்கி. சொல்லாவிட்டால் வைத்துவிடலாம். காகிதத்தில் அருமை.

ஊருக்கு வந்து பெரியப்பாவையும், அவரோடு காலையில் அம்மா மண்டபம் வரை நடக்கிற நண்பர்களையும் திண்ணையில் உட்கார வைத்துக் காட்டினேன். இதை முறையான ஆய்வு என்று சொல்லமாட்டேன், காப்பி குடித்துக்கொண்டே பேசியதுதான். நான் பக்கத்து அறையிலிருந்து வங்கி மாதிரி கூப்பிடுவேன். ஒருவராவது வார்த்தையைக் கேட்க வேண்டுமே!

கேட்கவில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் சொன்னார்: "அம்மா, ஒருத்தர் மரியாதையாப் பேசறப்ப, நீ யாரு, நிரூபின்னு எப்படிக் கேக்கறது? முறையா அது?"

எனக்கு அது பெரிய பாடம். நான் கணிதத்தில் ஓட்டை தேடிக்கொண்டிருந்தேன். ஓட்டை மரியாதையில் இருந்தது. திருடன் பயன்படுத்துவது அதைத்தான். "சார்" என்று கூப்பிட்டு, நம் வாயைக் கட்டிவிடுகிறான். மரியாதையை விட்டுவிடுங்கள் என்று பெரியவர்களுக்குப் பாடம் எடுப்பது என் வேலையும் இல்லை, அது நல்லதும் இல்லை.

அதனால் வடிவமைப்பைத் திருப்பினேன். மனுஷன் கேட்க வேண்டாம், போனே கேட்கட்டும். இப்போது நான் எழுதிக்கொண்டிருக்கிற முறையில் உங்கள் போன் ஒரு புது எண்ணை வங்கியின் சர்வருக்கு அனுப்பும். சர்வர் தன் தனிச் சாவியால் அதில் கையெழுத்துப் போட்டு, "ஆமாம், இப்போது உங்களோடு பேசிக்கொண்டிருப்பது நாங்கள்தான்" என்று திருப்பி அனுப்பும். இல்லாவிட்டால் திரையில் பெரிய எழுத்தில், "இது உங்கள் வங்கி இல்லை." யாரையும் அவமதிக்க வேண்டியதில்லை. யோசனை முழுக்க என்னுடையது என்று சொல்லமாட்டேன். பிரிட்டனில் மான்சோ என்ற வங்கி 2023-லேயே, அவர்கள் ஊழியர் உங்களோடு பேசுகிறாரா இல்லையா என்பதைத் தங்கள் செயலியிலேயே காட்ட ஆரம்பித்துவிட்டது. சாதாரண போன், சுமாரான இணையம், தமிழ்த் திரை, இதில் எல்லாம் அது தாங்குமா என்பதுதான் நான் பார்க்கிற விஷயம்.

மற்ற இடங்களிலும் அசைவு இருக்கிறது. பாஸ்கீ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் தனிச் சாவி இணையதளத்துக்குப் போகவே போகாது. போடுகிற கையெழுத்தில் அந்த இணையதளத்தின் முகவரியும் சேர்ந்திருக்கும். போலித் தளத்தில் நீங்கள் ஏமாந்து விரலை வைத்தாலும் அந்தக் கையெழுத்து நிஜத் தளத்தில் செல்லாது. முக்கியமாக, வாசித்துச் சொல்ல அதில் எண்ணே இல்லை. இந்தியாவில் வங்கிகள் தங்கள் இணையதளங்களை 2025 அக்டோபருக்குள் 'பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. அந்த முகவரி வங்கிகளுக்கு மட்டும்தான். வங்கிகளின் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண் வரிசை ஒதுக்கியிருக்கிறார்கள். ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட சரிபார்ப்பு விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு என்று அறிவிக்கப்பட்டவை. எஸ்எம்எஸ் ஓடிபியை மட்டும் நம்பியிருக்காமல் வேறு வழிகளுக்கும் அவை இடம் கொடுக்கின்றன. அந்த விதிகளைப் பின்பற்றாமல் நடந்த பரிவர்த்தனையில் நஷ்டம் வந்தால் வாடிக்கையாளருக்கு முழுசாக ஈடு செய்ய வேண்டும் என்றும் சொல்கின்றன. கொஞ்சம் கொஞ்சமாக, நிரூபிக்கிற வேலை எதிர்ப் பக்கத்துக்கும் போக ஆரம்பித்திருக்கிறது.

இப்போதைக்கு

சரி, அதெல்லாம் வரும்போது வரும். நாளைக்குப் போன் வந்தால் என்ன செய்வது?

பெரியப்பாவின் கேள்விக்கு என்னிடம் இருக்கிற விடை இதுதான்: கேட்க ஒன்றும் இல்லை, பெரியப்பா. வைத்துவிடுங்கள். "நானே கூப்பிடறேன்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வையுங்கள். பிறகு கார்டின் பின்னால் இருக்கிற எண்ணை நீங்களே அடித்துக் கூப்பிடுங்கள். உங்களைத் தேடி வருகிறவன் யாராகவும் இருக்கலாம். நீங்கள் தேடிப் போகிற முகவரி உங்கள் கையில் இருக்கிறது. வைக்காதீர்கள், வைத்தால் கணக்கு முடங்கும் என்று அவசரப்படுத்தினால், அதிலேயே பதில் தெரிந்துவிடும்.

பணம் போய்விட்டதா? உடனே 1930. தாமதிக்காமல் சொன்னால், பணம் அடுத்தடுத்த கணக்குக்குப் போவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது. ஒன்பது நாள் கழித்து மிகக் குறைவு.

அதனால் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் யாராவது வந்து, "இப்படி ஆயிடுச்சு" என்று சொன்னால், "ஏன் சொன்னீங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். நான் ஆரம்பித்தேன். முதலில் 1930-ஐ அடியுங்கள். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். இன்னும் நல்லது, ஒன்றும் நடக்காதபோதே சொல்லி வைத்துவிடுங்கள்: "என்ன ஆனாலும் எங்ககிட்ட உடனே சொல்லுங்க, யாரும் திட்டமாட்டோம்."

பெரியப்பா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். நன்றாக இருக்கிறார். என் ஆய்வுக் கட்டுரையின் ஒவ்வொரு வரைவையும் அச்செடுத்துக் கொடுக்கச் சொல்லி, வெல்டிங் பார்க்கிற மாதிரி பார்க்கிறார். கணிதம் புரியாது, ஆனால் எங்கேயாவது, "பயனர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்" என்று நான் எழுதியிருந்தால் சிவப்புப் பேனாவால் சுழித்துவிடுவார். "இது உன் வேலைம்மா, பயனர் வேலை இல்லை" என்பார்.

இன்னொன்றும் நடக்கிறது. நான் போன் பண்ணினால் எடுக்கிறார், "யாரு?" என்கிறார். "நான்தான் பெரியப்பா" என்றதும் பட்டென்று வைத்துவிடுகிறார். அரை நிமிஷத்தில் அவரே என் எண்ணுக்குக் கூப்பிடுகிறார். குரலையே நகல் எடுக்கிற காலம் இது, அவர் செய்வதில் ஒரு தப்பும் இல்லை.

1930, மறந்துவிடாதீர்கள்.